செவியின் முறைப்பாடும் மானியின் சாட்சியும்: ஹெட்போன் ஒலியின் கடுமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஹெட்போன் அணிந்து இசை கேட்போரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் முறைப்பாடு ஒன்று உண்டு. பாடகரின் குரலில் ஸகர, ஷகர ஒலிகள் வருமிடத்து அவை ஊசிபோற் காதிற் குத்துகின்றன. வயலினின் மேற்சுருதி தகரத்தைக் கீறுவது போன்று கேட்கின்றது. வெண்கலத் தாளத்தின் ஓசை இனிமை இழந்து வெறும் இரைச்சலாகின்றது. அரைமணி நேரத்துள் செவி களைத்துவிடுகின்றது. இம்முறைப்பாட்டை உடையோர் பெரும்பாலும் முதலில் நாடுவது வேறொரு விரியலாக்கியையே. கடைத்தெருவில் அம்பிளிபயர் என வழங்கும் இக்கருவியை மாற்றினால் ஒலியின் கடுமை நீங்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. சிலருக்கு அது நீங்கியதும் உண்டு; பலருக்குப் பணமே நீங்கியது.

இந்நம்பிக்கை எங்ஙனம் தோன்றியது, எக்காலத்தில் அது மெய்யாயிருந்தது, எக்காலத்தில் மெய்யல்லாதாயிற்று என்பன வரலாற்றின் துணைகொண்டே விளங்கத்தக்கவை. ஒலிப்பொறியியலின் நூறாண்டு வரலாற்றில் செவியின் சாட்சிக்கும் அளவுமானியின் சாட்சிக்குமிடையே பன்முறை வழக்கு நேர்ந்துள்ளது. பொறியியலாளர் மானியையே நம்பினர். கேட்போர் செவியையே நம்பினர். இவ்வழக்கை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. நோவு உண்டு என்று செவி கூறியபோது அது பெரும்பாலும் உண்மையே கூறிற்று. அந்நோவு எவ்விடத்திலிருந்து வந்தது என்று கூறியபோதோ அடிக்கடி தவறிற்று.

தொடக்ககால ஹெட்போன்களுக்கும் இசைக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் நதானியேல் போல்ட்வின் என்பவர் தம் சமையலறையிற் செய்த கருவியை 1910 இல் அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். சமநிலை ஆமேச்சர் அமைப்பும் அப்பிரகத்தாலான மென்றகடும் கொண்ட அக்கருவி, கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியையும் தெளிவாகக் கேட்பித்தது. அக்காலத்தில் விரியலாக்கி பெரும்பாலும் இல்லை. வானலையிலிருந்து பெறப்பட்ட சிறு மின்சக்தியே மென்றகட்டை அசைக்கவேண்டியிருந்தது. ஆதலின் செவிக்குழல்களின் மென்றகடுகள் 1,000 ஹேர்ட்ஸை அண்டிய மீடிறன்களிற் பரிவுறுமாறு அமைந்திருந்தமை ஒரு குறையாகக் கருதப்படவில்லை. தந்தியாளருக்கு வேண்டியது ‘கட்டு கடகட்டு’ என்னும் குறியீடே. பிற்காலத்தார் எதனைக் கொடுமை என வெறுத்தனரோ, அதனையே முற்காலத்தார் விரும்பித் தேடினர் என்பது சுவைபயக்கும் செய்தியாகும்.

இசையைச் செம்மையாகக் கேட்பிக்கும் நோக்கம் 1930 களிலேயே உருப்பெற்றது. 1931 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த வென்ற், துராஸ் ஆகிய இருவரும் அசையுஞ் சுருள் கொண்ட செவிக்குழலை விவரித்தனர். 1937 இல் ஜேர்மனியில் ஒய்கன் பயரின் நிறுவனம் டி.ரி. 48 என்னும் அசையுஞ்சுருள் ஹெட்போனை வெளியிட்டது. பரிவினால் எழும் மேடுகளை அடக்கிச் சமமான ஒலியைத் தருதலே இக்கருவிகளின் குறிக்கோள். ஆயின், சமம் என்பது யாது? இவ்வினாவுக்கு விடை காண்பது எவரும் எதிர்பார்த்ததிலும் கடினமாயிற்று.

மனிதச் செவி ஒரு தட்டையான மானியன்று. பிளெச்சர், மன்சன் ஆகியோர் 1933 இல் வெளியிட்ட ஆய்வு, 3,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியிலேயே செவி மிகக் கூர்மையுடையது எனக் காட்டிற்று. அவர்தம் அளவீடுகள் ஹெட்போன் கொண்டே செய்யப்பட்டவை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1946 இல் வீனர், றொஸ் என்போர் நுண்குழாய் ஒலிவாங்கியைச் செவிக்கால்வாயினுட் செலுத்தி அளந்தனர். ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமுடைய அக்கால்வாய், ஒருமுனை மூடிய குழாய்போற் செயற்பட்டு, 3,000 ஹேர்ட்ஸை அண்டிய ஒலியைப் பரிவினாற் பெருக்குகின்றது. தலையும் செவிமடலும் செய்யும் உதவியையுங் கூட்டினால், வெளியே உள்ள ஒலியைவிடச் செவிப்பறையில் உள்ள ஒலி அப்பகுதியில் 15 முதல் 20 டெசிபெல் வரை மிகுந்திருக்கும்.

இதன் விளைவு யாதெனின், ஒலிபெருக்கிக்கு உரிய சமம் ஹெட்போனுக்கு உரியதன்று என்பதே. தூரத்திலிருந்து வரும் ஒலியைத் தலையும் செவிமடலும் திருத்தி அனுப்புகின்றன. காதின்மேற் பொருந்தியிருக்கும் கருவியோ அத்திருத்தத்தின் ஒரு பகுதியைக் குலைத்துவிடுகின்றது. ஆகவே ஹெட்போனை ஆக்குவோன் அம்மேட்டைத் தானே அமைத்துத் தரவேண்டும். அது குறைந்தால் இசை போர்வைக்குள் இருப்பது போன்று மங்கும். மிகுந்தால், அல்லது இடம் மாறி 6,000 முதல் 9,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் வேறொரு மேடு எழுந்தால், ஸகரம் குத்தும். ஸகர ஒலியின் சக்தி பெரிதும் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலேயே செறிந்துள்ளது. ஹெட்போன் கடுமையின் முதற்காரணம் இதுவே. அது மென்றகட்டையும் உறையையும் செவியையும் சார்ந்ததேயன்றி விரியலாக்கியைச் சார்ந்ததன்று. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இக்காரணம் பின்னணியிலேயே தங்கிவிட்டது. விரியலாக்கியிலும் உண்மையாகவே குற்றம் இருந்தமையே அதற்குக் காரணம்.

விரியலாக்கியின் கதை, ஹட்சன் நதியைக் கடந்து சென்ற ஒரு பயணப் படகிற் புதுத்திருப்பம் பெற்றது. 1927 ஆகஸ்ட் 2 ஆந் திகதி காலையில், வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஹரல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர், எதிர்ப் பின்னூட்டல் பற்றிய எண்ணத்தைக் கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் ஒரு பக்கத்திற் குறித்துக்கொண்டார். வெளியீட்டின் ஒரு கூற்றைத் தலைகீழாக்கி உள்ளீட்டுடன் சேர்த்தால், விரியலாக்கி தானே உண்டாக்கும் திரிபைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது அவர் கண்ட நெறி. தொலைபேசிக் கம்பிகளுக்காக எழுந்த இந்நெறியை இசைக்கு ஏற்றவர்களுள் டி.ரி.என். வில்லியம்சன் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். 1947 இல் வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட வால்வு விரியலாக்கி, 15 வாற்று வலுவில் 0.1 வீதத்திற்கும் குறைந்த திரிபையே உடையதாயிருந்தது. அவ்விலக்கம் அன்றிலிருந்து ஒலிப்பொறியியலாளரின் மந்திரமாயிற்று.

ஆயின் அம்மந்திரத்துக்கு எதிரான எச்சரிக்கை மூன்றே ஆண்டுகளில் எழுந்தது. திரிபு என்பது மூல மீடிறனின் மடங்குகளாக எழும் இசையங்களின் தொகுதி. பி.பி.சி. நிறுவனத்தின் பொறியியலாளர் டி.ஈ.எல். ஷோட்டர், இவ்விசையங்கள் அனைத்தையும் ஒரே நிறையிற் கூட்டுதல் பொருந்தாது என 1950 இல் எடுத்துக்காட்டினார். இரண்டாம் இசையம் மூல ஒலியின் எட்டாஞ் சுரமாதலின் செவிக்கு இயைபாகவே தோன்றும். ஏழாம், ஒன்பதாம் இசையங்களோ மிகச் சிறிதாயினும் உறுத்தும். எனவே ஒவ்வோர் இசையத்தையும் அதன் எண்ணின் வர்க்கத்தை நான்கால் வகுத்துவந்த தொகையாற் பெருக்கியே கணக்கிடல் வேண்டும் என்றார். அக்கணக்கின்படி இரண்டாம் இசையத்தின் நிறை 1 ஆயின், ஏழாம் இசையத்தின் நிறை 12 இற்கும் மேலாகும். வால்வு விரியலாக்கிகளின் திரிபு பெரிதும் தாழ்ந்த இசையங்களாகவே இருந்தமையால் ஷோட்டரின் எச்சரிக்கையைப் பலர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாமையின் விலை அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் வெளிப்பட்டது.

1947 இறுதியில் திரான்சிற்றர் தோன்றிற்று. 1956 இல் எச்.சி. லின் என்பவர் பாரமான மின்மாற்றி இன்றியே ஒலிபெருக்கியை இயக்கவல்ல திரான்சிற்றர்ச் சுற்றொன்றை வெளியிட்டார். 1960 களில் வால்வுகள் விரைந்து மறைந்தன. புதிய கருவிகள் சிறியன, சூடு குறைந்தன, அறிவிக்கப்பட்ட திரிபும் குறைந்தன. ஆயினும் அவற்றைக் கேட்டோர் ‘திரான்சிற்றர் ஒலி’ என ஒன்றைக் குறைகூறலாயினர். மேற்சுருதி வன்மையானது, கண்ணாடி போன்றது, களைப்பூட்டுவது என்பன அக்குறைகள். பொறியியலாளர் பலர் இதனைப் பழமைவிரும்பிகளின் ஏக்கமெனத் தள்ளிவிட்டனர். மானி 0.1 வீதம் என்று சொல்லும்போது செவிக்கு என்ன வழக்கு?

வழக்கு இருந்தது. அக்காலத் திரான்சிற்றர் விரியலாக்கிகளின் வெளியீட்டில் இரு திரான்சிற்றர்கள் அலையைப் பங்கிட்டுக்கொண்டன. அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமந்தன. சிலிக்கன் திரான்சிற்றர் தொழிற்படத் தொடங்க ஏறத்தாழ 0.6 வோல்ற்று வேண்டும். இரண்டுக்கும் போதிய ஆரம்ப ஓட்டம் கொடுக்கப்படாவிடின், அலை பூச்சியத்தைக் கடக்குந்தோறும் ஒருவர் சுமையை இறக்கி மற்றவர் ஏற்கும் இடைவெளியில் அது ஒருகணம் தடுமாறும். இக்கடப்புத் திரிபு உயர்ந்த இசையங்கள் நிரம்பியது. ஷோட்டர் எச்சரித்த இனமே அது. மேலும், அக்காலத்தில் தகுந்த எதிரினத் திரான்சிற்றர் மலிவாகக் கிடைக்காமையால் இரு பாதிகளும் ஒத்த அமைப்பின்றி இருந்தன. 1969 இல் ஷோ, பக்சண்டல் ஆகியோர் ஓர் இருவாயியைச் சேர்த்து அவ்வொவ்வாமையைக் குறைக்கும் வழியை வயர்லெஸ் வேர்ல்டில் எழுதினர்.

இத்திரிபின் மற்றோர் இயல்பே மானியை ஏமாற்றியது. பிற திரிபுகள் ஒலி குறையக் குறையத் தாமும் குறைவன. கடப்புத் திரிபோ ஒலி குறையும்போது விகிதத்தில் மிகுவது. உற்பத்தியாளரோ திரிபை முழு வலுவிலேயே அளந்து அறிவித்தனர். முழு வலுவில் 0.1 வீதமாயிருந்தது, மெல்லிய இசையில் அதன் பன்மடங்காகலாம். ஹெட்போன் கேட்போனுக்கு இது இரட்டைத் துன்பமாயிற்று. ஹெட்போனுக்குச் சில மில்லிவாற்று வலுவே போதும்; ஆதலின் ஒலிபெருக்கிக்கென ஆக்கப்பட்ட கருவி அவனுக்காக எப்போதும் தன் மிக மோசமான எல்லையிலேயே தொழிற்பட்டது. அறையின் இரைச்சலும் அவன் செவியிலிருந்து அத்திரிபை மறைக்கவில்லை. இக்கட்டத்தில் செவியே வென்றது எனல் மிகையாகாது.

இத்தோல்வியை நேர்மையுடன் ஏற்றோருள் ஜோன் லின்ஸ்லி ஹூட் ஒருவர். 1969 ஏப்ரலில் அவர் வெளியிட்ட 10 வாற்று விரியலாக்கியில் நான்கே திரான்சிற்றர்கள். வெளியீட்டுத் திரான்சிற்றர்கள் ஒருபோதும் ஓய்வதில்லை, ஆகவே கடப்பும் இல்லை. சக்தியின் பெரும்பகுதி வெப்பமாக வீணாயிற்று. ஆயினும் பழைய வில்லியம்சன் கருவியோடு வைத்துக் கேட்கத்தக்க தரத்தைத் திரான்சிற்றரும் அடையலாம் என்பதை அது காட்டிற்று.

ஒருமுறை வென்ற சாட்சி அடுத்த வழக்கிலும் வெல்லும் என்பதற்கில்லை. 1970 இல் பின்லாந்தைச் சேர்ந்த மத்தி ஒத்தலா, மிகையான பின்னூட்டலே திரான்சிற்றர் கருவிகளின் கடுமைக்குக் காரணம் என்னும் கருத்தை முன்வைத்தார். திடீரென எழும் ஒலிக்குப் பின்னூட்டல் ஈடுகொடுக்காது முதற்படி நிரம்பி வழிகின்றது என்பது அவர் கூற்று. அக்கூற்று பெரும் பரபரப்பை விளைத்தது. பின்னூட்டல் என்னும் சொல்லே சிலருக்குத் தீட்டாயிற்று. 1980 இல் பொப் கோடெல் இதனை மறுபரிசீலனை செய்து, விரைவாக மாறும் அலையைத் தொடரவல்லதாகச் சுற்றை அமைத்தால் மிகுந்த பின்னூட்டலோடும் அத்திரிபு தோன்றாது எனக் காட்டினார். இதற்கிடையில், 1978 இல் ஜேம்ஸ் மொயர் நடத்திய சோதனையொன்றில் குவாட் நிறுவனத்தின் வால்வு விரியலாக்கி ஒன்றும் இருவேறு காலத் திரான்சிற்றர் விரியலாக்கிகளும் பெயர் மறைத்துக் கேட்பிக்கப்பட்டன. கேட்டோர் கூறிய விடைகள் தற்செயலாக ஊகித்தவற்றினின்றும் வேறுபடவில்லை. கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிதாயிருந்த வேறுபாடு, கண்ணுக்கு மறைந்ததும் செவிக்கும் மறைந்தது. செம்மையாக ஆக்கப்பட்ட விரியலாக்கிகளைப் பொறுத்தவரை அக்காலமளவில் பழைய குற்றம் பெரிதும் நீங்கிவிட்டது எனலாம். ஆனால் ஹெட்போன் அணிந்தோரின் முறைப்பாடு நீங்கவில்லை.

இதற்கு இருவேறு காரணங்கள் எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்று இரு கருவிகளுக்குமிடையிலான பொருத்தம். 1958 இல் ஜோன் கொஸ் எஸ்.பி. 3 என்னும் ஹெட்போனை அறிமுகஞ்செய்தமையால் வீட்டில் இருசெவி இசை கேட்கும் வழக்கம் பரவிற்று. 1968 இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்.டி. 414, மஞ்சள் நுரைப்பஞ்சுடன் இலேசாகத் தலையில் அமர்ந்து, ஒரு கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. அதன் தடங்கல் 2,000 ஓம். விரியலாக்கி செய்வோரோ ஹெட்போனுக்கெனத் தனிச்சுற்று அமைக்காது, ஒலிபெருக்கி வெளியீட்டை ஒரு தடையியினூடாகத் துளையொன்றுக்குக் கொண்டுவந்து விட்டனர். 2,000 ஓம் கருவிக்கு அத்தடையி ஒரு பொருட்டன்று.

1979 இல் சொனி நிறுவனத்தின் வோக்மன் தோன்றியதும் நிலைமை மாறிற்று. இரு சிறு மின்கலங்களின் 3 வோல்ற்றிலிருந்து பயனுள்ளதாகப் பெறத்தக்கது ஏறத்தாழ 1 வோல்ற்றே. 2,000 ஓம் கருவிக்கு அது அரை மில்லிவாற்றையே தரும். 32 ஓம் கருவிக்கோ 31 மில்லிவாற்றைத் தரும். எனவே தாழ்தடங்கற் கருவிகள் பெருகின. ஆயினும் 1996 இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு வெளியிட்ட நியமம் ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் மூலத்தடங்கலையே விதந்துரைத்தது. 32 ஓம் கருவியொன்றின் தடங்கல் யாதேனும் ஒரு மீடிறனில் 64 ஓமாக உயர்வதாகக் கொள்வோம். 120 ஓம் மூலத்துடன் அவ்விடத்து ஒலி 4 டெசிபெலுக்கு மேல் உயரும். 2 ஓம் மூலத்துடன் கால் டெசிபெலளவே உயரும். அவ்வுயர்ச்சி தாழ்சுருதியில் நேர்ந்தால் ஒலி தடிக்கும். மேற்சுருதியில் நேர்ந்தால் கூர்மையாகும்.

இதற்கு மறுக்கமுடியாத சான்று ஒன்று உண்டு. போல்ட்வினின் சமநிலை ஆமேச்சர் நெறி, செவிப்புலன் உதவிக் கருவிகளின் வழியே வளர்ந்து, 1991 இல் எற்றிமோற்றிக் நிறுவனத்தின் ஈ.ஆர். 4 என்னும் செவியுட் கருவியில் இசைக்கு மீண்டது. அதன் இரு வகைகளுள் ஒன்று 27 ஓம். மற்றொன்று 100 ஓம். முன்னையதுடன் 75 ஓம் தடையியைத் தொடராக இணைத்தால் அதன் மேற்சுருதி உயர்ந்து பின்னையதற்கு இணையாகின்றது. விரியலாக்கியினுள் ஒளிந்திருக்கும் 75 ஓமும் இதனையே செய்யும் என்பது சொல்லாமலே விளங்கும். பொருத்தமான விரியலாக்கி எது என்னும் வினாவுக்கு இங்கு கிடைக்கும் விடை எளிமையானது: மூலத்தடங்கல் ஹெட்போனின் தடங்கலில் எட்டில் ஒரு பங்கிலும் குறைந்ததாய், வேண்டிய மின்னழுத்தத்தையும் ஓட்டத்தையும் இரைச்சலின்றித் தருவதே பொருத்தமானது. 2011 இல் தம் பெயரை வெளியிடாத பொறியியலாளர் ஒருவர் இவ்விலக்கணத்துக்கமைந்த ஓ2 என்னும் கருவியின் வரைபடத்தை எவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். விலையுயர்ந்த கருவிகளை நாடியோர்க்கு அதன் எளிமை சற்று ஏமாற்றமளித்திருக்கலாம்.

எஞ்சிய காரணம், 1946 இலேயே அறியப்பட்டும் முற்றாகத் தீர்க்கப்படாதிருந்த செவியின் மேடு. 1986 இல் ஜேர்மனியின் குந்தர் தைலே, எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவில் வரும் ஒலி செவிப்பறையில் எவ்வடிவைப் பெறுமோ அவ்வடிவையே கலையக ஹெட்போனும் தரல்வேண்டும் என முன்மொழிந்தார். நெறி செவ்வியது, ஆயின் அதன்படி ஆக்கப்பட்ட கருவிகள் பலருக்கு மேற்சுருதி மிக்கனவாகத் தோன்றின. இசைப்பதிவுகள் அறையில் ஒலிபெருக்கி கொண்டு செப்பஞ் செய்யப்படுபவை. அறையில் உயர் மீடிறன்கள் படிப்படியாகத் தேய்வன. அத்தேய்வு இல்லாத கருவி அப்பதிவுகளைக் கூர்மையாக்கிக் காட்டிற்று. ஹாமன் நிறுவனத்தின் ஷோன் ஒலிவ், ரொட் வெல்ற்றி ஆகியோர் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் நடத்திய பெயர்மறைத்த சோதனைகள் இதனை உறுதிசெய்தன. நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி தரும் வடிவை ஒத்து, தைலே கூறியதிலும் மேற்சுருதி தாழ்ந்தும் தாழ்சுருதி உயர்ந்தும் உள்ள ஒலியையே கேட்டோர் விரும்பினர். இச்சோதனைகளில் செவியே மானியாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

சென்ஹைசரின் எச்.டி. 800 இவ்வரலாறு முழுவதற்கும் ஓர் உரைகல் எனத்தகும். 2009 இல் வெளிவந்த அக்கருவி தெளிவிலும் விரிவிலும் புகழ்பெற்றதாயினும் 6,000 ஹேர்ட்ஸை அண்டிய மேடொன்றினாற் பலரை வருத்திற்று. சிலர் அதனுட்புறத்தில் மென்துணியை ஒட்டி மேட்டைத் தணித்தனர். வேறு பலர் வால்வு விரியலாக்கிகளை நாடி, கடுமை தணிந்தது என மகிழ்ந்தனர். அவர்தம் மகிழ்ச்சி வெறுங் கற்பனையன்று. 300 ஓமான அதன் தடங்கல் தாழ் மீடிறனில் ஏறத்தாழ இரட்டிக்கின்றது. 100 ஓம் மூலத்தையுடைய வால்வுக் கருவி அதன் தாழ்சுருதியை ஒரு டெசிபெலளவு உயர்த்தும். தாழ்சுருதி உயர, மேற்சுருதி ஒப்பளவில் அடங்கியதாகத் தோன்றும். ஆயின் 6,000 ஹேர்ட்ஸ் மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. 2016 இல் அந்நிறுவனமே எச்.டி. 800 எஸ் என்னும் திருத்தப்பதிப்பில், அம்மீடிறனுக்கு இசைவாக்கிய சிறு பரிவறை ஒன்றை உள்ளமைத்து மேட்டை உறிஞ்சச் செய்தது. 8,000 ஹேர்ட்ஸுக்கு அண்மையிலோ செவிமடலின் வடிவம் ஆளுக்காள் வேறுபடுவதால், ஒரே கருவியை இரு வேறு தலைகளில் அணிவித்து அளந்தால் பல டெசிபெல் வேறுபாடு தோன்றும். ஒரே தலையிற் சற்று முன்னோ பின்னோ நகர்த்தி அணிந்தாலும் அளவு மாறுகின்றது.